வாடகை அடுப்படியும் ஒரு பயந்தாங்கொள்ளியும்

சமைக்கிறவர் நெருப்பை அடுப்பில் வைக்கிறார். சமைக்க இடம் கொடுப்பவர் அதை வயிற்றில் கட்டிக்கொள்கிறார்.

மலேசியாவில், கிள்ளானில் ஒரு கடைவரிசையின் பின்பக்கம் இருக்கும் பொதுச் சமையற்கூடத்துக்கு நான் மேனேஜர். பத்து அடுப்பு, இரண்டு ஓவன், ஆள் உள்ளே போய் வரும் அளவுக்குப் பெரிய குளிர் அறை ஒன்று. வீட்டில் சமைத்து விற்றுக்கொண்டிருந்தவர்கள், சொந்தமாகக் கடை போட வசதியில்லாதவர்கள், மணிக்கணக்கில் இடத்தை எடுத்துச் சமைத்துக்கொண்டு போவார்கள். ஒரு பக்கம் இட்லி வேகும், மறுபக்கம் உருளைக்கிழங்குக் கறி வைத்து மடித்த கறிபாப் பொரியும். எனக்குச் சமையல் வேலை கிடையாது. எதுவும் நடந்துவிடக் கூடாதே என்று பயப்படுவதுதான் வேலை. ஒரே அடுப்பங்கரையில் நாத்தனார்களோடு சமைத்தவர்கள், கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் காரைத் திருப்பியவர்கள் எல்லாரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இது புரியும்.

வராத குரல்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். காலையில் பக்கத்துக் கடையில் பசியாறிவிட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்தால், குப்பென்று கேஸ் வாடை. கோடி அடுப்பில் பத்மா அக்கா நின்றுகொண்டிருந்தார். இட்லி வியாபாரம் செய்பவர். இரண்டு நாளாக அவருக்குக் கடுமையான சளி. மூக்கில் ஒரு வாசனையும் ஏறவில்லை. இட்லிச் சட்டியை ஏற்றி வைத்துவிட்டு, கையில் லைட்டரோடு குனிந்துகொண்டிருந்தார்.

கத்தினேன். கத்தினேன் என்றுதான் நினைத்தேன்; வெறும் காற்றுதான் வந்தது. புகைபோக்கி விசிறியின் சுவிட்சை நோக்கிப் போன கையைப் பாதியில் நிறுத்தினேன். கேஸ் கசியும்போது எந்த சுவிட்சையும் தொடாதே என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வேறு வழி தெரியவில்லை. காலில் இருந்த ரப்பர் செருப்பைக் கழற்றி வீசினேன். அது அவர் முதுகில் பட்டு விழுந்தது. அக்கா லைட்டரை மேசையில் வைத்துவிட்டு, என்னை ஒரு கை பார்க்க வேகமாக வந்தார். அப்புறம்தான் எனக்கு "கேஸ்" என்ற ஒரு சொல் வந்தது. வால்வை மூடி, கதவுகளைத் திறந்துவிட்டு, இருவரும் கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றோம். ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு என்று பிறகு வந்த ஆள் காட்டினார். பத்மா அக்கா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மேனேஜர், இன்னொரு தடவ சத்தம் வரலன்னா இதே மாதிரி செருப்ப வீசுங்க. ஆனா கழுவிட்டு வீசுங்க லா, மாவு திறந்து கிடக்கு."

மடித்திருந்த தொழுகை விரிப்பு

கறிபாப் செய்து உறையவைத்து விற்பவர் சோஃபியா. ஒருநாள் மதியம் அவருடைய கைப்பேசி மேசைமேல் விடாமல் அடித்தது. தொழப் போயிருப்பார் என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் மாவரைக்கும் இயந்திரம் காது கிழிய ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறையும் கைப்பேசி அடித்தபோது அலமாரியைப் பார்த்தேன். அவருடைய தொழுகை விரிப்பு மடித்தது மடித்தபடி இருந்தது.

அப்படியானால் அவர் தொழப் போகவில்லை; கடைசியாகக் குளிர் அறைக்குள் போனதைத்தான் பார்த்திருந்தேன். குளிர் அறைக்கு ஓடிக் கதவை இழுத்தேன். சோஃபியா உள்ளே ஓர் அட்டைப்பெட்டியின்மேல் உட்கார்ந்து, இரண்டு கோணிப்பையைப் போர்த்திக்கொண்டு, காலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. உட்பக்கக் கைப்பிடி உடைந்து அவர் கையோடு வந்திருந்தது. அவர் தட்டியது, கத்தியது ஒன்றும் இயந்திரச் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. இருபது நிமிடம்! இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. சூடாக மைலோ கலக்கினேன். பாதியைத் தரையில்தான் ஊற்றினேன். அன்றே கைப்பிடியை மாற்றி, உள்ளே ஒரு மணியும் பொருத்தி, இனி யாரும் தனியாகப் போகக் கூடாது என்று எழுதி ஒட்டினேன். நடுக்கம் குறைந்த பிறகு சோஃபியா மலாயில் சொன்னார்:

"உள்ள பயமாத்தான் இருந்துச்சு. ஆனா நீ கதவத் திறந்தப்போ உன் மூஞ்சியப் பாத்தேன் பாரு, அப்பத்தான் ரொம்பப் பயந்துட்டேன்."

கோப்போடு வந்த இருவர்

காக்கிச் சட்டை, கையில் கோப்பு, முகத்தில் சிரிப்பில்லை. இருவர் வாசலில் வந்து நின்றதும் கூடமே அமைதியானது. தலைக்கு உறை போடாதவர்கள் போட்டுக்கொண்டார்கள். சுகாதார இலாகாச் சோதனை, வேறென்ன? அவர்கள் வாய் திறக்குமுன் எல்லாருடைய டைஃபாய்டு ஊசி அட்டைகளையும் எடுத்து நீட்டினேன். வடிகாலைத் திறந்து காட்டினேன். எலிப்பொறி வைத்த மூலையைக் காட்டி, அது மூன்று மாதமாகக் காலியாக இருப்பதாகக் கடவுள்மேல் சத்தியம் செய்தேன். இருவரும் பின்னாலேயே வந்து பொறுமையாகத் தலையாட்டினார்கள். கடைசியில் மூத்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"சிஸ்டர், நாங்க மேல்மாடிக்கு ஏர்கோன் மாட்ட வந்தோம். இங்க டாய்லெட் எங்க இருக்கு?"

காப்பார் வழியில் ஒரு பெட்டி

சந்திரன் தொழிற்சாலை வேலை போன பிறகு பிஸ்கட் சுட ஆரம்பித்தவர். காப்பாரில் ஒரு பாலர் பள்ளியில் பிறந்தநாள் விழா. நிலக்கடலை, நாங்கள் சொல்லும் கச்சான், துளியும் சேரக் கூடாது, ஒரு பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாது, மூச்சு அடைத்துவிடும் என்று சொல்லித்தான் பிஸ்கட் கேட்டிருந்தார்கள். சுட்டு, பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரத்தில் பத்மா அக்கா மிக்ஸி ஜாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இதுல யாரு சீனி அரைச்சது? காலைல நான் கச்சான் சட்னி அரைச்சுட்டு சும்மா தண்ணி ஊத்தித்தான வச்சேன்!"

சீனி அரைத்தது சந்திரன்தான். அவரை அழைத்தேன், ஓட்டிக்கொண்டிருப்பவர் எப்படி எடுப்பார்? பள்ளிக்கு அழைத்தால் லைன் கிடைக்கவில்லை. ஆசிரியையின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் காரை எடுத்தேன். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி ஆடி அசைந்து போனது. முகம் தெரியாத அந்தப் பிள்ளை கழுத்தைப் பிடித்துக்கொண்டு விழுவது வழியெல்லாம் கண்ணுக்குள் வந்தது. வாழ்க்கையில் அவ்வளவு வேண்டிக்கொண்டதேயில்லை. எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்தேன் என்றுகூட இன்று நினைவில்லை.

பாலர் பள்ளிக்குள் செருப்போடு ஓடினேன். பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். என் செய்தியைப் பார்த்த ஆசிரியை பெட்டியைப் பிரிக்காமல் பீரோவுக்குமேல் ஏற்றி வைத்திருந்தார். சந்திரன் வாசற்படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "எனக்கும் அந்த வயசுல பொண்ணு இருக்குக்கா" என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிஸ்கட்டுக்குப் பதிலாக வாழைப்பழம் வாங்கி வந்து கொடுத்தோம். கச்சான் ஒத்துக்கொள்ளாத அந்தப் பிள்ளை, ஐந்து வயதுக்காரி, என் நனைந்த சட்டையைத் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்:

"ஆன்டி, உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? நீங்களும் கச்சான் சாப்ட்டுட்டீங்களா?"

தண்ணீர் வந்த நாள்

இரண்டு நாள் விடாத மழை. பின்பக்கக் கால்வாய் நிரம்பி, தண்ணீர் கதவிடுக்கு வழியாகச் சத்தமில்லாமல் உள்ளே வந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எங்கள் வாட்ஸ்அப் குழுவில் தகவல் போட்டேன். வரக்கூடியவர்கள் எல்லாரும் வந்தார்கள். எது யாருடையது என்று பார்க்காமல் மிக்ஸி, அரவை இயந்திரம், மாவு மூட்டை எல்லாவற்றையும் மேசைமேல் ஏற்றினோம். கணுக்கால் அளவில் தண்ணீர் நின்றது. பத்மா அக்கா மட்டும் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. அவர் வீடு இருக்கும் தாமான், அதாவது குடியிருப்பு, பள்ளமான இடம். பக்கவாதம் வந்து மெல்ல நடக்கும் கணவர் வீட்டில் தனியாக இருந்தார். அழைப்பு போகவில்லை. சாலையும் மூடிவிட்டார்கள்.

மறுநாள் தண்ணீர் வடிந்ததும் குழாய்களைச் சோதித்துவிட்டு, துயர்துடைப்பு மையமாக்கியிருந்த ஒரு பள்ளி மண்டபத்துக்காகப் பத்து அடுப்பையும் மூட்டினோம். சோஃபியா சோறு வடித்தார். பத்மா அக்கா இட்லி ஊற்றினார். "வீட்டுக்குப் போய்ப் பாக்கலாமா?" என்று கேட்டேன். "சாலை திறக்கட்டும். கை சும்மா இருந்தா பைத்தியம் பிடிச்சுடும்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. கெட்ட செய்தி வந்தால் நான்தானே பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பயந்தேன்.

மண்டபத்தில் பாத்திரத்தை இறக்கினோம். வரிசையின் நடுவில் யாருடையதோ பெரிய சட்டையைப் போட்டுக்கொண்டு, தட்டோடு ஒருவர் நின்றார். பத்மா அக்காவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது. கணவரைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அக்கா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு விம்மினார். கணவரோ தட்டை நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"நேத்துலேர்ந்து பிஸ்கட்டா குடுக்குறாங்க. இட்லி எங்க?"

இத்தனைக்கும் பயந்துகொண்டே தினமும் காலையில் முதல் ஆளாக வந்து நான்தான் கதவைத் திறக்கிறேன் என்பதை நினைத்தால், எனக்கு என்மேலேயே கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.