தாத்தாவும் ரூவியின் பேரீச்சை மரமும்

தாத்தா மூன்று மாத விசிட் விசாவில் மஸ்கட்டுக்கு வந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. அந்த நகரின் ரூவி பகுதியில் இரண்டு படுக்கையறை வீடு, டை கட்டிக்கொண்டு போகும் என்ஜினியர் வேலை, என்னைப் பற்றி எனக்கே இருந்த உயர்ந்த அபிப்பிராயம் எல்லாம் என்னிடம் இருந்தன. அவரிடம் நான்கு கைலிகளும் ஒரு பொடி டப்பாவும் இருந்தன. எங்கள் இருவரில் யார் சந்தோஷமாக இருந்தார் என்பதில் சந்தேகமே இல்லை.

ஏசிக்கு நேராக நின்று பனியனைத் தூக்கி வயிற்றைக் காட்டுவார். "ஏல, செத்தபொறவு சொர்க்கத்துக்குப் போவானேன்? இதுக்கு மேல அங்க என்னத்தக் குளுரப்போவுது?" என்பார். பொடி போட்டால் ஏழு தும்மல் வரவேண்டும். ஆறோடு நின்றுவிட்டால் முகம் வாடிவிடும். மத்தி மீனை முள்ளோடு மென்று தின்பார், ஏப்பம் விடுவார், அது நன்றாக அமைந்தால் தானே பாராட்டிக்கொள்வார்.

காலை பத்து மணிக்குக் கீழே உள்ள டைப்பிங் கடைக்குப் போய்விடுவார். விசா, லேபர் கார்டு விண்ணப்பங்களை அரபியில் அடித்துக் கொடுக்கும் கடை அது. கடைக்காரர் காயல்பட்டினத்துக்காரர். அங்கே பால் சேர்க்காத சுலைமானி டீயும் கிடைக்கும், வரிசையில் நிற்பவர்களின் குடும்பச் சண்டைகளும் கிடைக்கும். இரண்டையும் உறிஞ்சிக் குடித்துவிட்டு, எதிர் நடைபாதையில் இருந்த பேரீச்சை மரத்தைப் பார்க்கப் போவார். அவர் வந்தபோது அது பாளை விட்டிருந்தது. பிறகு பச்சைக் காய், பிறகு மஞ்சள். தினமும் எனக்கு அறிக்கை வரும்.

காரியம் கெட்டது லிப்டில்தான். என் மானேஜரும் தமிழர்தான். அதே கட்டடத்தில் மேல்மாடியில் இருந்தார். அவருடைய தொந்தியைத் தாத்தா அக்கறையோடு பார்த்தார்.

"தம்பி, காலையில வெளிக்கி ஒழுங்காப் போவுதா?"

மானேஜர் என்னைப் பார்த்தார். நான் லிப்டின் பொத்தான்களைப் பார்த்தேன்.

"வெக்கப்படாதீய. வயித்தப் பாத்தா மூணு நாள் சரக்கு கெடக்கும்போல. ஒரு கரண்டி வெளக்கெண்ண குடிங்க, பொறவு சொல்லுங்க."

மறுநாள் ஆபீசில் மானேஜர் கேட்டது ஒரே கேள்வி: "உங்க தாத்தா ஊருக்கு எப்போ?"

அன்று சாயங்காலம் தாத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஏதோ காகிதம் துருத்திக்கொண்டிருந்தது. நான் அதைக் கவனித்தேன், என்னவென்று கேட்கவில்லை.

"ஏல, அந்த மரத்துல காய் மஞ்சளாயிட்டு. ஆடியில பழுத்துருமாம். இன்னும் ஒரு மாசம் இருந்தம்னா ஒரு பழத்தத் தின்னுட்டுப் போவேன்."

"முடியாது தாத்தா. விசாவ நீட்டிக்க மாட்டாங்க. இந்த ஊர் ரூல் அப்படி. கலாஸ்."

உண்மையில் விசாவை நீட்டிக்கலாம். ஒரு தாளில் நான் கையெழுத்துப் போட்டால் போதும்.  தாத்தா சட்டைப் பையைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்.

"ரூல்னா ரூல்தான். நீ என்னல செய்வ?"

விமான நிலையத்தில் ஏழு தும்மலும் வந்தன. பாஸ்போர்ட் பார்த்த அதிகாரி பின்னால் சாய்ந்துகொண்டார். தாத்தா திருப்தியாகப் போனார்.

ஒரு வாரம் கழித்து, வேறு வேலையாக டைப்பிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். விசா நீட்டிப்பு விண்ணப்பம். தாத்தாவின் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் அரபியில் அடித்திருந்தது. கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி.

"உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாறேன்னு எடுத்துட்டுப் போனாவ. மறுநாள் திருப்பிக் கொண்டாந்துட்டாவ. பேரனுக்கு வேல ஜாஸ்தி, நான் ஊருக்குப் போறதுதான் நல்லதுன்னாவ."

நாள் முழுவதும் விசா விண்ணப்பங்களுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடித்த மனிதரிடம் விசா பற்றிப் பொய் சொல்லியிருக்கிறேன். படித்த முட்டாள் என்று என்னைச் சொன்னால் படித்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அந்தத் தாளை வாங்கிவந்து என் சான்றிதழ்களோடு வைத்தேன். இப்போது தாத்தாவின் வயதை நான் தொட்டுவிட்டேன். தாளில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அப்போது ஊருக்குப் போனதும் அவர் போட்ட கடிதத்தில், "மரத்தில் பழம் விழுந்ததா?" என்று கேட்டிருந்தார். பதில் எழுத வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டேன். ஐப்பசியில் அவர் இறந்துவிட்டார்.

அந்த வருஷம் ஆடியில் மரம் பழுத்தது. அதிலிருந்து ஒரு பழம்கூட எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் எனக்குக் கௌரவமாக இருக்கும். ஆனால் நடைபாதையில் நின்று, டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, ஒன்பது பழம் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.