தலையில் போன சில்லுப் பெட்டி

வெளிநாடு போக முதுகுப்பை நல்லதா, சில்லு வைத்து உருட்டிப் போகும் பெட்டி நல்லதா என்று கேட்டுக் கேட்டே ஒரு மாதம் வீட்டாரின் உயிரை வாங்கினேன். கடைசியில் முதுகுப்பைதான் வென்றது. அந்தப் பெருமையோடு வாழைச்சேனையில் கொழும்பு பஸ் ஏறியபோதுதான் அந்த அக்காவைக் கண்டேன்.

வாகரைப் பக்கத்துக்காரர். குவைத்தில் வீட்டு வேலை. நெடுநெடுவென்று இருந்தார். துவாயைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, சில்லுப் பெட்டியை மீன்கூடை போலத் தலையில் தூக்கி வந்தார். வழியில் தேத்தண்ணிக் கடைக்கும் பெட்டி தலையிலேயே இறங்கி வந்தது. பஸ்ஸில் இருந்த எங்கள் ஒருவரையும் அவர் நம்பவில்லை.

"சில்லு இருக்கே அக்கா, இழுத்துக்கொண்டு வரலாமே" என்றேன்.

"போகக்குள்ள உருட்டித் தேய்ச்சிட்டா, வரக்குள்ள பாரத்தோட என்ன செய்யிற மனே?"

நியாயமாகத்தான் பட்டது. ஆனால் அந்தப் பெட்டி ஏற்கெனவே இரண்டு தரம் குவைத் போய் வந்தது என்றார். சில்லுகளோ கடையில் வாங்கிய மினுக்கம் குறையாமல் இருந்தன.

"அப்ப, போன தரம் வரக்குள்ள?"

"உள்ளுக்க பீங்கான் கோப்பை. உருட்டினா உடைஞ்சிராதா?"

"பின்ன இந்தச் சில்லு என்னத்துக்கு?"

என் முதுகை ஒருதரம் பார்த்தார்.

"ஊர்ச் சனம் பாக்கிறதுக்கு. சும்மா பையோட வெளிக்கிட்டா, வீட்டை விட்டு ஓடிப்போறம் எண்டெல்லோ நினைப்பாங்க."

விமான நிலையத்தின் வழுக்கும் தரையில் எல்லாப் பெட்டிகளும் உருண்டு போயின. ஒன்று மட்டும் எல்லார் தலைக்கும் மேலாக நிமிர்ந்து போனது. அதன் பின்னால், வீட்டை விட்டு ஓடிப்போகிறவனைப் போல நானும் போனேன்.