உல்கானின் பாத்தி

பின்னல் ஊசியை ஈரமண்ணில் மெதுவாக இறக்கி, எங்கே தட்டுப்படுகிறது என்று விரல் நுனியால் தேடிக்கொண்டிருக்கிறாள் உல்கான். சமையலறை ஜன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டினாற்போல் ஒரு சின்னப் பாத்தி. அதன் ஓரத்தில் பழைய பனி அழுக்குச் சர்க்கரை மாதிரி கிடக்கிறது. உள்ளே கெண்டி கொதித்து மூடியைத் தூக்கித் தூக்கி அடிக்கிறது. அவள் காதில் விழவில்லை.

அவள் கணவர் எசென் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டுகிறார். "நோயாளி எப்படி இருக்காரு, டாக்டரம்மா?"

"மூச்சு இருக்கு. ஜன்னலைச் சாத்துங்க, சூடெல்லாம் வெளிய போகுது."

மண்ணில் உறங்கும் பூக்கிழங்கை ஊசியால் குத்தினால் முளை காயப்படும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. நேற்றும் ஒரு முளையின் நுனி ஊசியோடு வந்துவிட்டது. அதைத் துடைத்துக் கைக்குட்டையில் முடிந்து, யாரிடமும் சொல்லாமல் பையில் போட்டுக்கொண்டாள்.

பிஷ்கெக் நகரத்துக்கு அனுப்பும் சட்டைகளைத் தைக்கிற பட்டறையில் அவளுக்குக் கழுத்துப்பட்டை வேலை. நாற்காலியில் பாதிதான் உட்காருவாள், மீதிப் பாதி எப்போது எழலாம் என்று காத்திருக்கும். ஒரு பட்டையின் நூலை அறுக்கும் முன்பே இடதுகை அடுத்த துணியை இழுத்துவிடும். பேருந்துக்காக அவள் நின்றதே இல்லை. அது வருகிற திசையைப் பார்த்து நடக்கத் தொடங்குவாள், எதிரே வரும் ஓட்டுநர் சிரித்துக்கொண்டே நடுச்சாலையில் நிறுத்தி ஏற்றிக்கொள்வார். ரொட்டிக்கு மாவு பிசைந்து மூடி வைத்தால், உப்பிவிட்டதா என்று துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தே அதை அமுங்கவைப்பாள். அந்தத் தெருவில் உல்கான் வீட்டு ரொட்டி மட்டும் தட்டையாக இருப்பதற்கு வேறு காரணம் கிடையாது.

இப்படிப்பட்டவளின் மனம் போய் ஒட்டிக்கொண்டது கை பட்டாலே பிடிக்காத ஒரு பூவில். பைசெசெகெய் என்று அங்கே எல்லோரும் சொல்லும் பூ. பனி உருகி விலகுகிற கோட்டிலேயே, காத்திருக்க முடியாததுபோல் முண்டிக்கொண்டு வரும். விரலுயரம்கூட இருக்காது. ஆறு வெள்ளை இதழ், அடியில் மஞ்சள், வெளிப்புறம் மை சிந்தியதுபோல் ஊதா. வெயில் பட்டால் திறக்கும், மேகம் கடந்தால் மூடிக்கொள்ளும். அது அவசரப்படுகிறது, தன்னைப்போலவே அவசரப்படுகிறது என்பதுதான் உல்கானுக்கு அதன்மேல் இருந்த பாசம். அந்த அவசரத்துக்குப் பின்னால், விதை விழுந்து முதல் பூ வருவதற்குள் பல வருடங்கள் மண்ணுக்கடியில் சும்மா கிடக்கிற பொறுமை இருப்பதை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்குப் பின்னால் இருந்த சரிவில் அந்தப் பூ அடர்த்தியாகப் பூக்கும். ஒவ்வொரு மார்ச்சிலும் வேலைக்குப் போகும் வழியில் சுற்றிக்கொண்டுபோய்ப் பார்ப்பாள். பறித்து விற்க வருகிறவர்களைக் கண்டால் பூட்ஸ் காலோடு துரத்துவாள்.

போன வருடத்துக்கு முந்தைய வசந்தத்தில் அந்தச் சரிவைக் கிராமத்தார் வீட்டுமனைகளாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று உல்கானின் மகன் எர்மெக்குக்கே கிடைத்தது. அவனும் அவன் மனைவி ஜீபெக்கும் நகரத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள், ஜீபெக் கர்ப்பமாக இருந்தாள். மனை கிடைத்த செய்தி கேட்டு உல்கான்தான் முதலில் அழுதாள், சந்தோஷத்தில். மறுநாள் காலை சரிவுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் அஸ்திவாரக் கயிறு எதன்மேல் கட்டியிருக்கிறது என்று உறைத்தது.

ஜூன் வரை பொறுக்கச் சொல்லிக் கேட்டாள். இலை காய்ந்து, கிழங்கு உறங்கிய பிறகு எடுத்தால் ஒன்றுகூடச் சாகாது என்றாள். ஆனால் தோண்டும் இயந்திரம் எர்மெக்கின் நண்பனுடையது. அவன் மே மாதம் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகிறான்.

"அம்மா, அது காட்டுப் பூ. மலை பூரா கிடக்கு."

"மலையில கிடக்கிறது மலையோடது. இது எனக்குத் தெரிஞ்சது."

"ஜீபெக்குக்கு மாசம் ஏறிட்டிருக்கு. புள்ளையப் பெத்துட்டு அவ எங்க படுக்கிறது? நீயே சொல்லு."

ஏப்ரலில் இயந்திரம் வந்த அன்று, உல்கான் அதற்கு முன்னால் மண்வெட்டியோடு ஓடி ஓடி, பச்சை இலையோடு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டினாள். சலவைத் தொட்டி நிறைந்தது. பால் வாளி நிறைந்தது. பிறக்கப்போகும் குழந்தைக்கென்று ஜீபெக் வாங்கி வைத்திருந்த குளியல் தொட்டியையும் கேட்காமல் எடுத்து நிரப்பினாள். மிச்சத்தை இயந்திரம் வாரி ஒரு பக்கமாகக் கொட்டியது.

அப்படி வந்த பாத்தி இது. மே மாதம் இலை மஞ்சளானது. அது இயற்கை, எல்லா வருடமும் ஆவதுதான். ஆனால் சரிவில் அதைத் தலை திருப்பிக்கொண்டு கடந்தவளுக்கு ஜன்னலடியில் பார்க்கத் தாங்கவில்லை. தண்ணீர் ஊற்றினாள். கோடை முழுக்கக் காய்ந்து கிடக்கவேண்டிய கிழங்கு. எசென் பூவாளியைக் கோழிக்கூண்டின் மேல் ஒளித்து வைத்தார். அவள் தேநீர்க் கெண்டியில் மொண்டு ஊற்றினாள். அடுத்த வசந்தத்தில் மண்ணைக் கிளறியபோது அழுகிய வெங்காயம்போல் வாடை வந்தது. தப்பியவை தலைமுடி மாதிரி சில இலைகளை விட்டன. ஒரு பூகூட இல்லை.

எங்காவது கொட்டியாகவேண்டிய ஆத்திரம். பட்டறையில் கழுத்துப்பட்டைகளுக்கு நடுவே சொன்னாள்: "மருமகளுக்கு வீடு கிடைச்சிருச்சு. எனக்குப் புல்லு கிடைச்சிருச்சு." பட்டறைப் பேச்சு பட்டறையில் நிற்குமா? அடுத்த முறை மகன் வீட்டுக்குப் போனபோது ஜீபெக் எப்போதும்போல் குனிந்து வணங்கினாள், ரொட்டி வைத்தாள், பேத்தியை மடியில் கொடுத்தாள். ஆனால் தேநீரைக் கிண்ணத்தின் விளிம்புவரை ஊற்றினாள். பாதி ஊற்றித் திரும்பத் திரும்ப நிரப்புவதுதான் மரியாதை. நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று அர்த்தம். உல்கான் வாய் பொசுங்கக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். அதன்பிறகு மருமகளிடம் பேசவேண்டியதைக் குழந்தையிடம் பேசினாள்.

இந்த மார்ச்சில் பாத்தி மறுபடியும் அவளைப் படுத்தியது. காலையில் ஊசி, மாலையில் ஊசி. மகளிர் தினத்துக்கு மகன் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தான். வரவில்லை என்றாள். பிறகு ஒரு தட்டை ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு எசெனுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தாள்.

சாப்பாட்டுக்கு முன், ஜீபெக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, "அத்தை, வேலிப்பக்கம் கொஞ்சம் வாங்க" என்றாள். நேராகப் பேசி வெகுநாள் ஆகியிருந்ததால் உல்கான் தன்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தாள்.

வீட்டுக்குப் பின்னால், அஸ்திவாரம் தோண்டியபோது வாரிக் கொட்டிய மண் ஒரு மேடாகக் கிடந்தது. கல்லும் சிமென்ட் தூளும் கலந்த மண். யாரும் தண்ணீர் ஊற்றாத, யாரும் தொடாத மண். வெயில் விழுந்த பக்கம் முழுக்கப் பைசெசெகெய் வெள்ளையாகத் திறந்திருந்தது. தலைகீழாகப் புதைந்து வளைந்து வந்தவை, கல்லிடுக்கில் சாய்ந்து வந்தவை, ஒன்றன்மேல் ஒன்று முட்டிக்கொண்டு வந்தவை.

உல்கான் மேட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தாள்.

"போன வருஷமே இலை வந்துச்சு" என்றாள் ஜீபெக். "நான் சொல்லல."

"ஏன்?"

"சொல்லியிருந்தா தோண்டிப் பாத்திருப்பீங்க."

எர்மெக் மேட்டைச் சமன்படுத்த டிராக்டரை வரவழைத்ததையும், இங்கே துணி காய்கிறது, அப்புறம் பார்க்கலாம் என்று தான் திருப்பி அனுப்பியதையும், அதற்காகவே அங்கே கொடி கட்டித் தினமும் ஏதாவது ஒரு துணியைத் தொங்கவிட்டதையும் தாழ்ந்த குரலில் சொன்னாள். பெருமையாகச் சொல்லவில்லை. மாமியாரின் முகத்தைப் பார்க்காமல் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

"எம்மேல கோவமா இருந்தியே?"

"இருந்தேன். அது வேற, இது வேற."

உல்கான் மேட்டின் அருகே குந்தினாள். ஓரத்துப் பூ ஒன்றின் அடியில் மண் சரிந்து வெளுத்த தண்டு தெரிந்தது. கொஞ்சம் மண்ணை ஒதுக்கி அணைத்துவிட்டால் போதும். அவள் கை தானாகப் போனது. ஜீபெக் தடுக்கவில்லை. குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் மேகம் கடந்தது. பூக்கள் ஒவ்வொன்றாகக் கூம்பின.

உல்கான் கையை இழுத்துக்கொண்டாள். பக்கத்தில் கிடந்த சிமென்ட் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் முழுதாக உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் செருகி அழுத்திக்கொண்டாள்.