பொரி கேட்ட மீன்

என் தங்கைக்கு ‘ப’ வராது. உதடு ஒட்டிக்கொள்ளும், கண் இறுக மூடிக்கொள்ளும். அதற்குள் எதிரே நிற்பவர் பொறுமையிழந்து அந்தச் சொல்லைத் தானே சொல்லி முடித்துவிடுவார். அவளுக்கு அப்போது ஏழு வயது, அக்காவான எனக்குப் பன்னிரண்டு. சத்தியவேட்டில் இருந்தோம். பள்ளியில் தெலுங்கு, வீட்டில் தமிழ். இரண்டிலும் ‘ப’ இருந்தது அவளுடைய கெட்ட நேரம்.

அந்தக் கோடை முடிந்ததும் நான் திருப்பதியில் விடுதியில் சேர்ந்து படிக்கப் போவதாக முடிவாகியிருந்தது. அதற்கு முன் எல்லோரும் ஒருமுறை நாகலாபுரம் கோயிலுக்குப் போனோம். குளத்து மீன்களுக்குப் பொரி வாங்கி வரும்படி அம்மா தங்கையைத்தான் அனுப்பினாள். தனியாகப் பேசிப் பழகட்டும் என்ற நல்ல எண்ணம்தான். தங்கை கடைமுன் நின்று உதட்டை ஒட்டிக்கொண்டாள். கடைக்காரருக்கும் நல்ல எண்ணம்தான்.

“இன்னா பாப்பா, பூவா? பழமா? பத்தியா?”

எல்லாமே ‘ப’. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கை காசைக் கடைப்பலகையில் வைத்துவிட்டு, எதுவும் வாங்காமல் ஓடிவந்து, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பாவின் ஆட்டோவுக்குள் ஒளிந்துகொண்டாள். மீன்களுக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம், இனி பள்ளிக்கூடத்துக்கே போகமாட்டேன் என்று அழுதுகொண்டு வந்தாள்.

அவள் வாய்திறந்து பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு மீனை நானே செய்துவிடுவது என்று அன்று முடிவு செய்தேன்.

அதற்கு வழி வீட்டிலேயே இருந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு தங்கியிருந்தார். அவரிடம் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. அதில் கதை கட்டும் மென்பொருள் ஒன்றை இறக்கிவைத்து மறந்தே போயிருந்தார். கதையைப் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். ஒரு சொல்லைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்கும்படி கோர்த்துவிடலாம். அதோடு, பக்கத்தின் நடுவே ஒரு வெற்றுக் கட்டம் வைக்கலாம். படிப்பவர் அதில் எதையாவது தட்டச்சு செய்தால், அந்தச் சொல்லைப் பார்த்துக் கதை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று நாம் எழுதிவைக்கலாம். அப்படி எழுதுவதற்கு ஸ்கிரிப்ட் என்று பெயர் என்பதும், ஒரு அடைப்புக்குறி குறைந்தால்கூட அது முரண்டு பிடிக்கும் என்பதும் போகப்போகத் தெரிந்தது. விளக்கமெல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. என் ஆங்கிலம் அப்போது தெலுங்கில் இருந்தது.

மாமா வேலைக்குப் போனதும் லேப்டாப் என்னுடையது. குளம் வந்தது, படி வந்தது, மீன் வந்தது. முதல் கட்டத்தில் மீன் படிப்பவரின் பெயரைக் கேட்கும். என்ன அடித்தாலும் அதையே பெயராக வைத்துக்கொண்டு, கதை முழுக்க அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். இரண்டாவது கட்டத்தில், ‘எனக்குத் துன்ன இன்னா கொணாந்த?’ என்று கேட்கும். சரியான பதில்: பொரி.

தமிழ் எழுத்தை வீட்டில் அம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தங்கை திரையில் தெரிந்த தமிழ் எழுத்துகளை மவுஸால் ஒவ்வொன்றாக அழுத்தினாள். மீன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்து ‘பொரி’ என்று அடித்தாள்.

‘அது எனக்கு வேணாம். வேற சொல்லு,’ என்றது மீன்.

மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே பதில். எழுத்துக்கூட்டிப் பார்த்தேன், ஒரு பிழையும் இல்லை. மூன்றாம் முறையும் மீன் வேண்டாம் என்றதும் லேப்டாப்பைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

“இதுவும் கடக்காரன் மாதிரிதான்,” என்றாள்.

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. நான் அடித்தால் மீன் பொரியை வாங்கிக்கொண்டது. அவள் அடித்தால் மட்டும் மறுத்தது. மாமாவிடம் காட்டினேன்.

“அது தப்பா அட்ச்சிருக்கும். நீ இன்னாத்துக்கு இத்த போட்டு ரோதன பண்ணிக்கினு கீற? போய் வெளயாடு,” என்றார்.

நான் விளையாடப் போகவில்லை. ஸ்கிரிப்டை முழுக்க அழித்து மறுபடி எழுதினேன். அப்படியும் அதேதான். வேறு சொல் வைத்துவிடு, ‘அரிசி’ என்று வை, அவளும் சுலபமாகச் சொல்வாள் என்றாள் அம்மா. எனக்கு அது தோற்றுப்போவது மாதிரி பட்டது. மீனுக்குப் பொரிதான் வேண்டும். அதை என் தங்கைதான் கொடுக்க வேண்டும்.

ஒரு மத்தியானம், தங்கை அடித்துவிட்டுப்போன சொல்லைக் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தேன். ‘ரி’ போனது. அடுத்து ‘பொ’வை அழித்தபோது கால் மட்டும் போய் ‘பெ’ நின்றது. நான் அடித்த ‘பொ’வை அழித்துப் பார்த்தேன். கொம்பும் காலும் சேர்ந்தே போய் வெறும் ‘ப’ நின்றது. நான் கொம்பும் காலும் ஒன்றாக இருந்த பொத்தானை அழுத்தியிருக்கிறேன். அவள் நோட்டில் எழுதுகிற மாதிரி கொம்பைத் தனியாக, காலைத் தனியாக அழுத்தியிருக்கிறாள். கண்ணுக்கு இரண்டும் ஒரே ‘பொ’. கம்ப்யூட்டருக்கு அவை வேறு வேறு.

“நீ அட்ச்சது கரெக்ட்டுடி! அதுக்குத்தான் படிக்கத் தெர்ல!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். அவள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அப்படியே ஈர முகத்தோடு வந்தாள்.

கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் ஒன்றாக்கிவிட்டு, அப்புறம் சரிபார் என்று ஸ்கிரிப்டில் எழுதினேன். சொல்லுக்கு முன்னும் பின்னும் விழுகிற இடைவெளியை நீக்கச் சொன்னேன். ‘பொறி’ என்று போட்டாலும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். தெலுங்கில் ‘மரமராலு’ என்று அடித்தாலும் மீன் தின்றது. தங்கை இத்தனை நாள் சேர்த்துவைத்ததெல்லாம் சேர்த்து மூட்டை மூட்டையாகக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, எப்பவும் அதுவே கேட்டுக்கினு கீது. நான் கேக்கணும்.”

“நீ இன்னா கேப்ப?”

“எதுனா கேப்பேன்.”

கேள்வி கேட்கும் மீனைவிடப் பதில் சொல்லும் மீன் ஆயிரம் மடங்கு கஷ்டம். அவள் என்ன கேட்பாள் என்று நானே ஊகிக்க வேண்டும். கேள்வியில் ‘பேர்’ என்று இருந்தால் இது, ‘துன்’ என்று இருந்தால் இது, ‘பல்லு’ என்று இருந்தால் இது என்று எழுதிக்கொண்டே போனேன். எதிலும் சேராத கேள்விக்கு, ‘அது எனக்குத் தெரியாது. வேற கேளு’ என்று ஒரு பதில். தங்கை அடித்ததை உரக்கப் படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவாள். “உனுக்கு ப... ப... பல்லு கீதா?” திக்கல் குறையவில்லை. ஆனால் சொல் நடுவில் நின்றபோது அவள் கண்ணை மூடவில்லை. முடியும்வரை சொன்னாள். மீன் காத்திருந்தது.

நான் விடுதிக்குக் கிளம்பும் நாளுக்கு முந்தைய சாயங்காலம். அம்மா என் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கை ஒரு கேள்வியை அடித்தாள்.

‘அக்கா எப்ப வரும்?’

‘அது எனக்குத் தெரியாது. வேற கேளு.’

வேறு கேட்காமல் அதையே மறுபடி அடித்தாள். எனக்கு ஒரே உற்சாகம். விட்டுப்போன கேள்வி ஒன்று சிக்கிவிட்டது. லேப்டாப்பை வாங்கி, ‘அக்கா’வும் ‘எப்ப’வும் சேர்ந்து வந்தால் ‘தசரா செலவுக்கு வரும்’ என்று சொல்லும்படி எழுதினேன். தெலுங்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளான எங்களுக்கு விடுமுறை என்றால் செலவுதான்.

“இப்ப கேளு.”

அவள் கேட்கவில்லை. “நீ போ... போய்ட்டா, இது யார கேட்டு சொல்லும்?” என்றாள்.

“யாரையும் கேக்க வேணாம். எல்லாத்தையும் உள்ள எழுதி வச்சிட்டேன். நான் இல்லாங்காட்டியும் அதுவே சொல்லும்,” என்றேன். அவ்வளவு பெருமை எனக்கு.

தங்கை லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

மறுநாள் காலை பஸ் ஸ்டாண்டுக்கு அவள் வரவில்லை. போர்வையை முகம் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். “தூங்குது, வுடு,” என்றாள் அம்மா. நைனா பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றினார். திருப்பதி போய்ச் சேரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து தீவிரமாக யோசித்துக்கொண்டே போனேன்: ‘எப்ப’ என்பதை அவள் ‘எப்போ’ என்று அடித்துவிட்டால் மீன் என்ன பதில் சொல்லும்?