மக்சிக் கொடுத்த முன்சக்கரம்

கணுக்கால் எலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்து, கட்டும் பிரித்த பிறகுதான் அந்தச் சின்ன விஷயம் எனக்கு உறைத்தது. மோட்டார் சைக்கிளின் பின் பிரேக்கை மிதிப்பது வலது கால். எனக்கு உடைந்ததும் வலது கால்.

பெரிய விபத்து ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையின் மேல் ஒரு பலகை போட்டிருந்தோம். காய்ந்த துணியை எடுக்கப் போனேன், பலகை முறிந்தது. அவ்வளவுதான். கட்டுப் பிரித்ததும் நடக்க முடிந்தது, படி ஏற முடிந்தது. ஆனால் பாதத்தைக் கீழே அழுத்தினால் பாதியிலேயே நின்றுவிடும். “கொஞ்சம் கொஞ்சமா வரும், முழுசா வராமலும் போகலாம்,” என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார்.

எங்கள் வீடு ரந்தா டவுனிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் இருக்கிறது. நான் வேலை பார்ப்பது தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்பில், ஆசிரியைக்கு உதவியாக. பிள்ளைகளுக்கு ஷூ மாட்டிவிடுவது, அழுதால் தூக்கிக்கொள்வது, சாப்பிட வைப்பது. அங்கே போக பஸ் கிடையாது. கணவருக்கு சிங்கப்பூரில் வெல்டிங் வேலை, மாதக் கடைசியில்தான் வருவார். கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய ஒரு கப்சாய் மோட்டார், அந்தச் சின்ன மோட்டார் சைக்கிள்தான் எனக்கு எல்லாமே.

மறுபடி ஓட்டிப் பார்த்த முதல் காலையில், செம்மண் சாலையின் வளைவில் ஒரு மாடு குறுக்கே வந்தது. காலால் மிதித்தேன். மிதித்ததாக நினைத்தேன். கையால் முன் பிரேக்கைப் பிடித்தேன். முந்தின நாள் மழைத் தண்ணீர் பிரேக் டிரம்முக்குள் போயிருக்க வேண்டும், பிரேக் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போனது. மாட்டை விட்டு ஒதுங்கி, வெட்டிப் போட்டிருந்த மட்டைக் குவியலுக்குள் போய் நின்றேன். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

விஷயம் தெரிந்து என் தம்பி வந்தான். பாமாயில் ஆலையில் பிட்டராக இருக்கிறான், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா.

“எங்கக்கா விழுந்த?”

“விழல. மட்டைக் குவியல்ல போயி நின்னேன்.”

“அதுக்குப் பேருதான் விழறது லா.”

போனில் கணவர், “மோட்டாரே வேணாம், வித்துரு,” என்றார். பயத்தில் சொன்னார் என்று தெரியும். ஆனாலும் போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது. மோட்டார் போனால் வேலை போகும். வேலை போனால் அந்த வீட்டுக்குள்ளேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும்.

தம்பி முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். “இந்த டிரம்முக்குப் புது பிரேக் கட்டை போட்டாலும் உனக்குப் பத்தாதுக்கா. கையாலயே நிறுத்தணும்னா டிஸ்க் பிரேக் வேணும். இதே கம்பெனியில இதுக்கு அடுத்த மாடல் இருக்கு, அதுல முன்னுக்கு டிஸ்க். அந்த முன்பக்கம் அப்படியே கெடைச்சா இதுல மாட்டிரலாம்.”

சொல்லிவிட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தான். நானும் பார்த்தேன். தோட்டத்து எல்லையை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், முதல் வீடு மக்சிக்கின் வீடு. மலாய்க்கார அம்மா; மலாயில் மக்சிக் என்றால் அத்தை. சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார். அவர் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்றது அந்த மாடல்தான். அது அவருடைய கணவர், நாங்கள் பாக்சிக் என்று கூப்பிட்டவர், ஓட்டியது. அவர் மாரடைப்பில் இறந்ததிலிருந்து அதை யாரும் தொடவில்லை. பழைய இரும்புக்காரர்கள் வந்து கேட்டபோதெல்லாம் மக்சிக் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

“வாயத் தொறந்து கேட்டுறாத,” என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொன்னேன்.

அன்று மாலை மக்சிக்கே வந்தார், கையில் விரால் மீன் சூப்போடு. அறுவை செய்த இடம் சீக்கிரம் ஆறும் என்று, நான் கட்டோடு படுத்திருந்த நாளிலிருந்தே கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தார். நான் குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

“ஒன் தம்பி என் கொட்டகையவே பாத்துக்கிட்டு இருந்தானே, என்னா?”

“ஒன்னும் இல்ல மக்சிக்.”

“பொய் சொல்லாத லா.”

சொன்னேன். அவர் எழுந்து வாசலில் நின்று கொட்டகைப் பக்கம் பார்த்தார். சொல்லியிருக்கவே கூடாது என்று எனக்குத் தோன்றியது. பிறகு, “பாக்சிக் அந்த மோட்டார தெனமும் தொடைப்பாரு. இப்ப துரு புடிக்குது. அதப் பாக்கத்தான் எனக்கு முடியல. எடுத்துக்க. எது வேணுமோ எடுத்துக்க,” என்றார்.

மறுநாள் காலை தம்பி போனபோது தார்ப்பாய் மடித்து வைக்கப்பட்டிருந்தது. மோட்டாரை அவரே தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் துடைத்து வைத்திருந்தார்.

வேலை தம்பி நினைத்ததைவிட இழுத்தது. ஃபோர்க், சக்கரம், டிஸ்க் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கழன்று வந்தன. ஆனால் அந்த மோட்டாரில் ஹேண்டிலைத் தாங்கும் கழுத்துத் தண்டு என்னுடையதைவிடச் சற்று நீளம். இடையில் ஒரு வளையம் வைக்காமல் பூட்ட முடியவில்லை. லோபாக்கில் ஒரு சீனப் பெரியவரின் லேத் கடைக்கு எடுத்துக்கொண்டு போனான். அவர் கடைந்து கொடுத்த முதல் வளையத்தைத் தானே பொருத்திப் பார்த்து, பழைய இரும்புப் பெட்டியில் தூக்கிப் போட்டாராம். “மயிரளவு ஆட்டம் இருக்கு. ஒன் அக்கா பிரேக் புடிக்கறப்ப ஹேண்டில் ஆடும்,” என்று மலாயில் சொல்லி, இன்னொன்று கடைந்து கொடுத்திருக்கிறார். என்னை அவர் பார்த்ததே இல்லை.

சும்மா நின்றதில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் இறுகிப் போயிருந்தது. அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, ரப்பர், கட்டை, எண்ணெய்க் குழாய் மூன்றையும் புதிதாகப் போட்டான். பிரேக் எண்ணெய் நிற்கும் பம்ப் ஹேண்டிலில் உட்கார இடமில்லை. என் மோட்டாரின் பிளாஸ்டிக் மூடியில் ஒரு ஓரத்தை அறுத்தான். அறுத்த விளிம்பு அழகாக இல்லை, இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

கடைசி வேலைக்கு என்னைக் கூப்பிட்டான். குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். நான் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை அமுக்க, அவன் கீழே திருகைத் திறந்து மூடினான்.

“அமுக்கு. அமுக்கிக்கிட்டே இரு. விட்றாத… ஆங், இப்ப விடு.”

முதலில் பிரேக் பிடி நனைந்த பஞ்சைப் போல ஹேண்டில்வரை போனது. சின்னக் குழாயில் குமிழ்குமிழாய்க் காற்று வெளியேறியது. மக்சிக் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பத் திரும்ப அமுக்கினோம். எந்த அமுக்கில் என்று தெரியவில்லை, திடீரென்று என் விரல்களுக்குக் கீழே அது கெட்டியானது. அந்தக் கெட்டித்தனத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. பல வாரங்களாக என் உடம்பே எனக்குக் கட்டுப்படாமல் இருந்தது. அன்று நான் அமுக்கினேன், அது எனக்குக் கட்டுப்பட்டது.

“வந்திருச்சா?” என்றான் தம்பி.

“வந்திருச்சுடா.”

ஓட்டிப் பார்த்தபோது பழைய பழக்கத்தில் முழு பலத்தோடு பிடித்துவிட்டேன். பின்சக்கரம் தூக்கிக்கொண்டது. தம்பி ஓடி வந்து, “கோழிக்குஞ்சப் புடிக்கற மாதிரி புடிக்கா! மொதல்ல மெதுவா, அப்பறம் அழுத்து,” என்று கத்தினான். மண்ணில் ஒரு மாதிரி, தாரில் ஒரு மாதிரி, வளைவுக்கு முன்னாலேயே பிடித்து முடித்துவிடுவது எப்படி என்று ஒரு வாரம் தோட்டத்துச் சாலையிலேயே பழகினேன். பின் பிரேக்கையும் கால் எவ்வளவு இறங்குமோ அவ்வளவு மிதிக்கப் பழகிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பள்ளிக்குப் போனேன். பிள்ளைகள் என் காலைப் பார்க்கக் கூட்டமாய் வந்தன. ஒருத்தி தழும்பைத் தொட்டுவிட்டு, “டீச்சர், உள்ளார இரும்பு இருக்கா?” என்று கேட்டாள்.

மழைக்காலம் தொடங்கியபோது, வீடு திரும்பும் வழியில், பழம் ஏற்றிய டிராக்டர் ஒன்று செம்பனை வரிசைக்குள்ளிருந்து சட்டென்று சாலையில் ஏறியது. யோசிக்க நேரமில்லை. கை பிடித்தது, மெதுவாய்த் தொடங்கி அழுத்தி. மோட்டார் நேராக நின்றது. டிராக்டர்காரர் முகம் வெளுத்து, “மன்னிச்சிருங்கம்மா, பாக்கல,” என்றார். நான் தலையாட்டினேன். மழையில் ஓரமாக நின்று, டிராக்டர் கண்ணுக்கு மறையும்வரை ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். தம்பி, மக்சிக், முகம் தெரியாத அந்த லேத் கடைப் பெரியவர், மூன்று பேரும் அப்போது நினைவுக்கு வந்தார்கள். சாமி கும்பிடுகிற மாதிரி இருந்தது.

அதை மக்சிக்கிடம் சொன்னபோது அவர் முன்சக்கரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். “நல்லது,” என்றார். பிறகு, “சனிக்கெழம பாசாருக்குப் போறியா? என்னையும் ஏத்திக்க. நடந்து போயி முட்டி வலிக்குது,” என்றார்.

இப்போது சனிக்கிழமைகளில் சந்தைக்குச் சேர்ந்தே போகிறோம். பழைய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, மீன் பையை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து வழி முழுக்கப் பேசிக்கொண்டே வருவார். நான் கொஞ்சம் வேகமெடுத்தால் மட்டும் தோளில் தட்டி, “பெலான் லா, பெலான்,” என்பார். நானும் வேகத்தைக் குறைத்துக்கொள்வேன்.