உருகியதை மறுபடி உறைய வைக்காதவர்

இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் முதலில் அட்டைப் படத்தைப் பாருங்கள். வெள்ளை பனியனோடு, ஒரு கையில் ஐஸ்கிரீம் கப்பும் மறு கையில் மரக்கரண்டியுமாக நிற்கிறாரே, அவர்தான் என் அண்ணன். சட்டை போட்ட படமாக வைக்கலாமே என்று உறவினர் சிலர் சொன்னார்கள். கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை காட்டவும் சொன்னார்கள். நான் காட்டவில்லை. அண்ணனைப் பற்றி ஊரெல்லாம் செய்தி அனுப்பியபோது நீங்கள் யாரும் என்னிடம் காட்டிவிட்டு அனுப்பவில்லை.

அண்ணன் பம்மலில் பிறந்தார். எங்கள் அப்பாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அவர் உடம்புக்கு முடியாமல் படுத்தபோது அண்ணன் பத்தாம் வகுப்பு, நான் நான்காம் வகுப்பு. அண்ணன் பள்ளிக்கூடப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு ஐஸ் பாக்டரி வேலைக்குப் போனார். காலையில் பாக்டரி, மதியத்துக்கு மேல் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திருநீர்மலை அடிவாரம். சாமி கும்பிட்டு வியர்க்க விறுவிறுக்க இறங்கி வருகிறவர்கள் வாங்கிய குச்சி ஐஸில்தான் நான் பி.காம். முடித்தேன்.

பின்னாளில் யாரோ கழித்துக்கட்டிய ஐஸ்கிரீம் மெஷின் ஒன்றை வாங்கி வந்து, தானே பிரித்து மாட்டி, வீட்டின் முன்னறையில் ஓட்டினார். பால் காய்ச்சுவது அண்ணியின் வேலை, பழம் பார்ப்பது அண்ணனின் வேலை. சப்போட்டா ஐஸ்கிரீம் அவருடைய கைவாகு. பழத்தை முகர்ந்து பார்த்தே இது இன்றைக்கு, இது நாளைக்கு என்று பிரித்துவிடுவார். கப்பில் பெயர் அச்சடிக்க அவர் மெனக்கெடவில்லை. "பம்மல் சப்போட்டா" என்று ஜனங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள்.

அவரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. எந்த விசேஷமானாலும் பெட்டியைத் திறந்ததும் முதல் கப்பை எல்லார் முன்னாலும் நின்று தானே சாப்பிடுவார். அதற்குப் பிறகுதான் பந்திக்குப் போகும். இன்னொன்று, ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்க மாட்டார்.

புயலடித்த வருஷம் எங்கள் தெருவில் கரண்ட் போய்விட்டது. ஒரு கல்யாண ஆர்டர் முழுவதும் பெட்டியில் இருந்தது. இளகுவதற்குள் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு முடிந்தவரை கொடுத்தார். மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டப் போனபோது எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்து தடுத்தார்.

"மச்சான், இன்னா பண்ற? கரண்ட் வந்தா திரும்ப கட்டியாயிடும்ல?"

"கட்டியாவும். ஆனா அது ஐஸ்கிரீம் இல்ல மச்சான், வெசம். பார்வைக்கு ஒண்ணும் தெரியாது. துன்னா வவுத்தப் புடிச்சிக்கினு ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும்."

அன்று பதினைந்து நாள் உழைப்பைக் கொட்டிவிட்டு வந்து நிம்மதியாகச் சாப்பிட்ட மனிதரைத்தான், கெட்டுப்போன ஐஸ்கிரீம் போட்டவர் என்று சொன்னீர்கள்.

எங்களுக்கு ஒரே அத்தை, அப்பாவின் தங்கை. மேற்குத் தாம்பரத்தில் இருக்கிறார். அவருடைய சின்ன மகன் கல்யாணம் கேளம்பாக்கத்தில் நடந்தது. மதிய விருந்துக்கு அண்ணன்தான் ஐஸ்கிரீம் போட்டார். வழக்கம்போல முதல் கப்பை அவரே சாப்பிட்டார். இரண்டாவதைத் தன் மகளுக்குக் கொடுத்தார். பிறகு மண்டபமே சாப்பிட்டது, நானும் சாப்பிட்டேன். கடைசிப் பந்தி முடிந்தபோது பெட்டியில் சில கப்புகள் மிஞ்சி, வெயிலில் இளகத் தொடங்கியிருந்தன. கொட்டிவிடலாம் என்று அண்ணன் ஒதுக்கி வைத்தார்.

"ஏன்டா, இவ்ளோ நல்ல ஐட்டத்த போய் கொட்றேன்ற? நான் வூட்டுக்கு எடுத்துக்கினு போறேன்," என்றார் அத்தை.

"வேணாம் அத்தை. தாம்பரம் போய்ச் சேர்றதுக்குள்ள தண்ணியாயிடும். நாளைக்கே புதுசா போட்டு நானே எடுத்தாறேன்."

இது என் காதுபட நடந்த பேச்சு. அண்ணன் சரியாகத்தான் சொன்னார். அப்புறம் பெட்டியைக் கழுவக் குழாயடிக்குப் போனார்.

மூன்றாம் நாள் அத்தை வீட்டில் நான்கு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அன்று மாலையே அத்தையின் கணவர், எங்கள் மாமா, குடும்ப வாட்ஸாப் குரூப்பில் பேசி அனுப்பினார்: "கல்யாணத்துல போட்ட ஐஸ்கிரீம்தான் காரணம்ப்பா. சொந்தக்காரன்னு நம்பிக் குடுத்தோம். யாரும் அவன்கிட்ட ஆர்டர் குடுக்காதீங்க." அந்தக் குரல் பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை என்று சுற்றி, எங்கள் தெருக் குரூப்புக்கே திரும்பி வந்தது. அனுப்பியவர்களில் பாதிப் பேர் இன்று இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கிறீர்கள். மண்டபத்தில் சாப்பிட்ட அத்தனை பேரும் நன்றாக இருக்க, ஒரே வீட்டில் மட்டும் எப்படி என்று உங்களில் ஒருவருக்குக்கூடக் கேட்கத் தோன்றவில்லையா? இரண்டு கப் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர்கள்கூட வாயைத் திறக்கவில்லையே!

ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நின்றன. தெருப் பிள்ளைகளை அம்மாக்கள் கையைப் பிடித்து எதிர்ப்பக்கமாக இழுத்துப் போனார்கள். அண்ணன் மெஷினைத் துணியால் மூடிவிட்டு, ஒரு பெரிய கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கில் அடுத்தவர் செய்த ஐஸ்கிரீமை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனார். இரண்டு வருஷம் போனார். ஒருநாள் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே சரிந்தார். மாரடைப்பு என்று டாக்டர் எழுதினார். அவர் படித்தது அவ்வளவுதான். கூட இருந்து பார்த்த எனக்கு வேறு காரணமும் தெரியும்.

அவர் போன பதினாறாம் நாள் அண்ணி என்னிடம் ஒன்று சொன்னார். அத்தை வீட்டாருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்ட அன்றே அண்ணனும் அண்ணியும் இளநீர் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். வீட்டிலிருந்து துணி எடுத்து வரச் சொல்லி அத்தை சாவியைக் கொடுத்தாராம். போன இடத்தில், தண்ணீர் எடுக்க அண்ணன் பிரிட்ஜைத் திறந்திருக்கிறார். மேலே ப்ரீசரில் அவருடைய கப்புகள். மூடி உப்பி, ஓரமெல்லாம் வழிந்து காய்ந்து, உள்ளே கரகரவென்று பனிக்கட்டி. உருகி மறுபடி உறைந்தது என்று அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அத்தனையையும் தொட்டியில் கொட்டிக் கழுவியிருக்கிறார்.

"எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க," என்றாராம் அண்ணி.

"வேணாம். புது மருமக வந்த வூடு. திருடி எடுத்தாந்து குடுத்தாங்கன்னு அத்தைக்கு ஒரு பேர் வரணுமா? விட்டுடு, தானா சரியாயிடும்."

எதுவும் தானாகச் சரியாகவில்லை, அண்ணா. உங்கள் மீதும் எனக்குக் கோபம்தான். அத்தையின் பெயரைக் காப்பாற்ற உங்கள் பெயரைக் கொட்டிவிட்டீர்கள். அத்தைக்கு உண்மை தெரியும். சாவியைத் திரும்ப வாங்கி, வீட்டுக்குப் போய்ப் பிரிட்ஜைத் திறந்த நாளிலிருந்து தெரியும். பாடை கிளம்பும்போது மார்பில் அடித்துக்கொண்டு அழுதவர், அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர்தான். அண்ணனைத் தன் வண்டியில் கிடத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்த எதிர்வீட்டு ஷேர் ஆட்டோக்காரருக்கு நன்றி. ஆர்டர் இல்லாத நாட்களிலும் நல்ல சப்போட்டாவை எடுத்து வைத்துக் கூப்பிட்ட பழக்கடை அக்காவுக்கு நன்றி. "நாங்களும் அதைத்தான் சாப்பிட்டோம், எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று குரூப்பில் எழுதிய ஒரே மனிதர் அந்தக் கல்யாணப் பெண்ணின் தகப்பனார். சம்பந்தி வீட்டைப் பகைத்துக்கொண்டு எழுதினார். அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். மற்றவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று சாப்பாட்டுக்குப் பிறகு ஐஸ்கிரீம் உண்டு. நினைவு நாளில் எதற்கு ஐஸ்கிரீம் என்று கேட்டவர்கள், இது யாருடைய நினைவு நாள் என்று யோசியுங்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அண்ணி அந்த மெஷினின் துணியை எடுத்து, நேற்று தன் கையால் போட்டது. சப்போட்டாதான்.

முதல் கப்பைச் சாப்பிட அண்ணன் இல்லை. அதனால் அத்தை, முதல் கப் உங்களுக்கு. எழுந்து வந்து எல்லார் முன்னாலும் நின்று சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு, அன்று பையில் என்ன எடுத்துப் போனீர்கள் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். அதுவரை இந்தப் பந்தலில் யாருக்கும் இரண்டாவது கப் கிடையாது. நீங்கள் யோசித்துக்கொண்டே இருந்தால் எல்லாம் உருகிப்போகும். போகட்டும், நாங்கள் கொட்டிவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கை