முன்பாயில் பியூலா

தகரக் கொட்டகையின் சூடு உச்சந்தலையில் இறங்கும்போது, கூடவே பாஸ்டரம்மாவின் உள்ளங்கையிலிருந்து தேங்காய் எண்ணெய் வாசனையும் இறங்கும். ஒவ்வொரு தலையாகத் தொட்டு ஜெபித்துக்கொண்டு வருகிற அந்தக் கை, என்னிடம் வரும்போது எல்லாருடைய எண்ணெயையும் வாங்கி வழவழவென்று இருக்கும். அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டியிருந்த எங்கள் சபையில் சனிக்கிழமை மதியம் நடந்த அந்த ஜெபத்துக்குக் 'காத்திருப்புக் கூட்டம்' என்று பெயர். பரிசுத்த ஆவியின் நிறைவைப் பெறாதவர்கள் பின்பாயில் முழங்காலிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆவி இறங்கி உடம்பு நடுங்கி, யாருக்கும் புரியாத 'அந்நிய பாஷை' பேசியவர்கள் அடுத்த வாரமே முன்பாய்க்குப் போய்விடுவார்கள். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, ஆனாலும் அதுதான் நடந்தது. பள்ளிக்கூட நாட்களில் நான் ஆசைப்பட்ட ஒரே இடம் அந்த முன்பாய்.

வசனப் போட்டியில் முதல் பரிசு எனக்குத்தான். ஞாயிறு பள்ளிக்கு ஒரு வாரம்கூடப் போகாமல் இருந்ததில்லை. சபையில் நகை ஆகாது என்பதால் பிடித்த ஜிமிக்கியைக்கூடக் கழற்றி வைத்திருந்தேன். முட்டி வலிக்க வலிக்கக் கேட்டும் எனக்கு வந்ததெல்லாம் வியர்வைதான். "இன்னாத்தயோ மனசுல வெச்சிகினு கீற, அதான்டி வர மாட்டேங்குது" என்பாள் அம்மா, வீடு திரும்பும் வழியெல்லாம்.

முகப்பேர் ஹவுசிங் போர்டில் எங்களுக்குக் கீழ்வீடு பியூலா, என் வகுப்புதான். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் கோயில் பக்கம் தலைகாட்டுகிற குடும்பம். "கூட்டம் முடிஞ்சா பன்னும் டீயும் தர்றாங்கன்றியே, நானும் வரேன்டி" என்று ஒரு சனிக்கிழமை அவளாகவே ஒட்டிக்கொண்டாள். வந்த அன்றே, என் பக்கத்தில், அதே பின்பாயில், பாஸ்டரம்மாவின் கை பட்டதும் விம்மத் தொடங்கினாள். தோள் குலுங்கியது, கை நடுங்கியது, எனக்குத் தெரியாத சொற்கள் அவள் வாயிலிருந்து நிற்காமல் கொட்டின. கொட்டகையே "ஸ்தோத்திரம்" என்று அதிர்ந்தது. என் அம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னைக் கட்டிப்பிடித்து அப்படி அழுததே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. வருஷக்கணக்காகக் காத்திருப்பது நான், பன்னுக்கு வந்தவளுக்கு முன்பாயா என்று கடவுளிடமே சண்டை பிடித்தேன். அன்று என் பன்னை நான் தொடவில்லை. அதையும் அவளே தின்றாள்.

அப்போதுதான் எனக்கு ஓர் ஆயுதம் கிடைத்தது. "பாஷை பேசிட்டா ஆச்சா? ஆவியோட கனி, அந்தப் பொறுமையும் சாந்தமும் எங்க? ஊட்லயும் தெருவுலயும் நீங்க எப்படின்னு பக்கத்து ஊட்டுக்காரங்க சொல்லணும்" என்று பாஸ்டர் ஒரு ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். பக்கத்து வீடு எதற்கு, மேல்வீட்டுக்காரி நானே சொல்கிறேன் என்று அன்றிலிருந்து பியூலாவைக் கண்காணித்தேன். பொறுமை இருக்கிறதா, சாந்தம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் லாரி வந்தால் அவள் வாய் எப்படிப்பட்டது என்று எங்கள் பிளாக்குக்கே தெரியும்.

நான் நினைத்தபடியே நடந்தது. லாரி வந்த ஒரு காலையில் எதிர் பிளாக் கஸ்தூரி அக்கா பியூலாவின் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை முன்னால் வைத்தார். "இன்னாக்கா, என் கொடத்த ஒதச்சித் தள்ற? நாங்க இன்னா வேடிக்க பாக்கவா வந்துகீறோம்?" என்று ஆரம்பித்தவள், அந்த அக்காவுக்குக் குழந்தை இல்லாததையும் இழுத்துப் பேசிவிட்டாள். எனக்கோ உள்ளுக்குள் கொண்டாட்டம். இனி அவளுக்கு முன்பாய் இல்லை என்று குடத்தோடு துள்ளிப் படியேறினேன்.

அன்று சாயங்காலம் பால்கனியில் துணி எடுக்கும்போது பார்த்தேன், கஸ்தூரி அக்கா வீட்டு வாசலில் பியூலா. கதவு திறந்தது, அவளைப் பார்த்ததும் படாரென்று மூடியது. திரும்பி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வரவில்லை. கால் நடுங்கிப் பாவாடை ஆடுவது எங்கள் பால்கனிக்கே தெரிந்தது. மறுபடி தட்டினாள். கடைசியில் கதவு திறந்தபோது, "நான் சொன்னது தப்புக்கா, மன்னிச்சிடுக்கா" என்று பிளாக் முழுக்கக் கேட்க அழுதாள். அவளுக்குச் சண்டையும் சத்தமாகத்தான் வரும், மன்னிப்பும் சத்தமாகத்தான் வரும். அக்கா அவளை உள்ளே கூப்பிடவில்லை. கதவை மறுபடி மூடவும் இல்லை.

என் பொறாமை அன்றே அடங்கியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அடங்கவில்லை, முன்பாயை விட்டு அந்தக் கதவுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். நான் யாரிடமும் சத்தம் போட்டதில்லை, நல்ல பெண் என்று பெயர். ஆனால் யார் கதவையும் அப்படித் தட்டியதும் இல்லை. சில வருஷம் கழித்து எனக்கும் அந்நிய பாஷை வந்தது, அம்மா கட்டிப்பிடித்து அழுதாள், முன்பாயில் பியூலா நகர்ந்து இடம் கொடுத்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளைப் பார்த்தால் அப்போதும் எரிந்தது.

இன்று அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. ஏரியைப் பார்க்க அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சபை மாடிமேல் ஏசி ஹாலுக்கு வந்துவிட்டது, எல்லாருக்கும் நாற்காலி, முன்பாயும் இல்லை பின்பாயும் இல்லை. பாஸ்டரம்மா போய்விட்டார், எண்ணெய் வாசனையும் கூடவே போய்விட்டது. வேப்பம்பட்டில் குடியிருக்கும் பியூலா போன வாரம் போன் செய்து, "அன்னிக்கு உன்கிட்ட வெடுக்குனு பேசிட்டேன்டி, மனசுல வெச்சிக்காத" என்றாள். அவள் அப்படிப் பேசியது எனக்கு நினைவே இல்லை. நினைவுக்கு வந்தது என் நாத்தனார்தான். ஒரு கல்யாண வீட்டில் நான் சொன்ன சொல்லால் பேச்சை நிறுத்திக்கொண்டவள், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு.

வயிற்றெரிச்சலோடேயே செருப்பை மாட்டிக்கொண்டு போனேன். கதவைத் தட்டினேன். திறந்தவள் என்னைப் பார்த்ததும் கதவை மூடிக்கொண்டாள். என் கால் நடுங்க ஆரம்பித்தது. பியூலா இந்த இடத்தில்தான் மறுபடி தட்டினாள் என்று நினைத்தபோது அவள்மேல் வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல, நானும் தட்டக் கையைத் தூக்கினேன்.